நின்ற பிறகும் சுழலும் காது

சோபியா லூசியாவுக்கு அப்போது பத்து வயது. 2013 மார்ச்சில், அமெரிக்காவின் சான் டியகோ நகரில், ஒற்றைக் காலில் எழும்பி நின்று தொடர்ச்சியாக 55 சுற்றுச் சுற்றினாள். கின்னஸ் புத்தகத்தில் அது சாதனையாகப் பதிவானது. இளம் நடனக்காரர்களின் போட்டி எந்த நாட்டில் நடந்தாலும், பிள்ளை சுழலத் தொடங்கியதும் அரங்கம் சுற்றுகளை எண்ண ஆரம்பித்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயமாகப் படுவது, சுழன்று முடித்த பிள்ளை அசையாமல் நிற்பதுதான்.

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றாதவர்கள் யாரும் இருக்க மாட்டோம். கைகளை விரித்துக்கொண்டு பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றால் வீடு, வாசல், வேப்பமரம் எல்லாம் நம்மைச் சுற்றி ஓடும், தொப்பென்று உட்கார்ந்துவிடுவோம். விளையாட்டில் அந்தக் கிறுகிறுப்புக்காகத்தான் சுற்றுகிறோம். மேடையில் அதே கிறுகிறுப்பு வந்தால் ஆட்டம் போச்சு.

கிறுகிறுக்காமல் நிற்பதை எப்படிப் பழகுகிறார்கள் என்று நான் பார்த்தது ஹடப்சரில். புனேயின் கிழக்கே, சோலாப்பூர் சாலையில் இருக்கிறது அது. மகர்பட்டாவின் ஐ.டி. அலுவலகங்களை வைத்தே வெளியூர்க்காரர்கள் அதை அடையாளம் சொல்வார்கள். ஆனால் புனே கதக் நடனத்தின் ஊரும்கூட. கதக் கலைஞர் ரோகிணி பாட்டே 1947இல் இங்கே நிருத்யபாரதி என்ற நடனப் பள்ளியைத் தொடங்கினார். அவரிடம் கற்றவர்களும், அவர்களிடம் கற்றவர்களும் நகரெங்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஹடப்சரின் ஓர் அடுக்ககத்தில், மாலை வகுப்பொன்றில், பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு சிறுமி 'சக்கர்' என்னும் கதக் சுழற்சியைப் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ச்சுவரில் அவள் கண்மட்டத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. இடது குதிகாலை அச்சாக ஊன்றி, வலது காலால் தரையைத் தட்டித் தட்டிச் சுழன்றாள். ஒவ்வொரு தட்டிலும் சலங்கை ஒலித்தது. தாளம் அதன் முதல் அடியான 'சம்'முக்கு வந்து சேர்ந்ததும் நின்றாள். "சலங்கை பேசுது" என்றார் ஆசிரியை, மராத்தியில். கால் ஒரு நூலளவு ஆடினாலும் சலங்கை காட்டிக்கொடுத்துவிடும். சலங்கை முழுக்க வாய்மூடும் வரை அந்தச் சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்தாள்.

அவள் நின்ற அந்த நொடியில் காதுக்குள் என்ன நடக்கிறது?

உட்காதில், பக்கத்துக்கு மூன்றாக, அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை இடவலமாகத் திரும்புவது, மேலும் கீழும் ஆடுவது, தோளை நோக்கிச் சாய்வது என எந்தத் திசைச் சுழற்சியும் மூன்றில் ஏதோ ஒன்றுக்காவது தெரியும்படி அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருக்கின்றன. உள்ளே ஒரு திரவம். காப்பி டம்ளரைச் சட்டென்று திருப்பினால் டம்ளர்தான் திரும்பும், காப்பி பின்தங்கும். தலை திரும்பும்போது இந்தத் திரவமும் அப்படியே பின்தங்குகிறது. பின்தங்கிய திரவம் குழாய்க்குள் இருக்கும் ஒரு மெல்லிய சவ்வை வளைக்க, சவ்வில் பதிந்திருக்கும் மயிரணுக்கள் 'தலை திரும்புகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் திரவமும் தலையோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். சவ்வு நிமிர்ந்துகொள்ளும், செய்தி ஓய்ந்துவிடும். சிக்கல் நிற்கும்போதுதான். தலை நின்றுவிட்டது, திரவம் நிற்கவில்லை. இப்போது சவ்வு எதிர்ப்பக்கமாக வளைகிறது. அசையாமல் நிற்கும் ஆளைப் பார்த்து, 'நீ மறுபக்கம் சுற்றுகிறாய்' என்கிறது காது.

காது சொன்னதைக் கண் உடனே நம்பிவிடும். இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தலையை இடவலமாக ஆட்டிப் பாருங்கள், எழுத்துகளைப் படிக்க முடியும். தலையை அசைக்காமல் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டினால் எழுத்து கலங்கிவிடும். தலை அசைந்த நூறில் ஒரு நொடிக்குள், காதின் செய்தியைக் கொண்டு கண் எதிர்த்திசையில் நகர்ந்து பார்வையை நிறுத்திவைக்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் உலகம் குலுங்காமல் தெரிவது இந்த ஏற்பாட்டால்தான். காது பொய் சொன்னாலும் கண் கீழ்ப்படிந்து நகர்கிறது, வேப்பமரம் ஓடுகிறது. வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரானி, நோயாளிகளின் காதுக்குள் வெந்நீரையும் தண்ணீரையும் செலுத்தியபோது அவர்களின் கண்கள் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுப்பதைக் கவனித்தார். தண்ணீருக்கு ஒரு திசை, வெந்நீருக்கு எதிர்த்திசை. வெப்பம் மாறியதும் குழாயின் திரவம் நகர்கிறது என்று கண்டுகொண்டார். 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் முதல் உலகப்போரில் ரஷ்யர்களிடம் போர்க்கைதியாக இருந்தார்.

சுவரில் பொட்டு ஒட்டியிருந்ததன் காரணம் இனி எளிது. உடல் சீராகச் சுற்றுகிறது. தலை அப்படிச் சுற்றுவதில்லை. முகம் பொட்டைப் பார்த்தபடியே நிற்க, உடல் மட்டும் திரும்புகிறது. கழுத்து இனித் திரும்பாது என்ற எல்லை வந்ததும் தலை ஒரே வெட்டில் உடலை முந்திச் சுற்றி வந்து மறுபடி பொட்டில் நிற்கிறது. கிளம்பியதும் நின்றுவிடுவதால், கிளம்பும்போது ஒரு பக்கம் வளைந்த சவ்வு நிற்கும்போது மறுபக்கம் வளைந்து கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. திரவம் தொடர்ந்து ஓடும் அளவுக்கு வேகம் பிடிப்பதில்லை. தாடையைத் தாழ்த்தக் கூடாது என்று ஆசிரியர்கள் அதட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. சுழலும்போது தலை சாய்ந்தால் மற்ற இரண்டு குழாய்களும் சேர்ந்து குழம்பும். எல்லாக் கிறுகிறுப்பிலும் அதுதான் மோசமானது.

ஹடப்சரிலேயே இதற்கு வேறொரு வழியைப் பார்க்கலாம். ஆஷாட ஏகாதசிக்காகப் பண்டரிபுரம் போகும் ஞானேஸ்வரர் பல்லக்கும் துக்காராம் பல்லக்கும் புனே வழியாக வந்து, ஹடப்சரில்தான் வழி பிரிகின்றன. ஒன்று திவே மலைப்பாதை ஏறி சாஸ்வட் போகும். மற்றது சோலாப்பூர் சாலையில் லோணி காள்போர் போகும். கூடவே நடந்து யாத்திரை போகும் வார்க்கரிப் பெண்கள் சாலையிலேயே 'புகடி' ஆடுவார்கள். இருவர் எதிரெதிரே நின்று, கைகளைக் குறுக்காகக் கோத்து, பாதங்களைக் கிட்ட வைத்து, பின்னால் சாய்ந்து சுழல்வது புகடி. அறுபது வயதுக்காரர்களும் ஆடுகிறார்கள். இங்கே பொட்டு கிடையாது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கிறார். நம்மோடு சேர்ந்தே சுற்றும் ஒரு பொருளின் மேல் பார்வையை நிறுத்தினால், கண்ணை இழுக்கும் அந்த அனிச்சைச் செயலை மூளை அடக்கிவைக்க முடியும். ஊர் முழுக்கச் சுற்றினாலும் தோழியின் முகம் நிற்கிறது.

அப்படியானால் எல்லாம் கண்ணின் வேலைதானா? இல்லை என்று காட்டியது லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு. 29 பாலே நடனப் பெண்களையும், அவர்களைப் போலவே உடல் தகுதியும் வயதும் உள்ள 20 படகோட்டும் பெண்களையும் இருட்டறையில் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார்கள். இருட்டில் பொட்டுக்கு வேலை இல்லை. நாற்காலி நின்ற பிறகும் சுற்றுவதுபோல் எவ்வளவு நேரம் தோன்றுகிறது என்பதைக் கைப்பிடி ஒன்றைச் சுழற்றிக் காட்டச் சொன்னார்கள். நடனக்காரர்களுக்கு அந்தப் பொய்ச் சுழற்சி சீக்கிரமே ஓய்ந்தது. மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, சிறுமூளையில் காதின் செய்தி வந்துசேரும் ஒரு பகுதி அவர்களுக்குச் சிறியதாக இருந்தது. பயிற்சி செய்தால் மூளையின் பகுதி பெரிதாகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இங்கே வேண்டியதோ, காதிலிருந்து வரும் கூச்சலைக் குறைத்துக் கேட்பது. பயிற்சியால் சுருங்கியதா, அப்படி அமைந்தவர்களே நடனத்தில் நிலைக்கிறார்களா என்பதை ஒருமுறை எடுத்த படத்தை மட்டும் வைத்து முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் தீராத தலைசுற்றலால் அவதிப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்காது. காதைப் பழுதுபார்க்க முடியாத இடத்திலும் மூளையைப் பழக்கலாம். அவர்களுக்கு இயன்முறை மருத்துவர்கள் தரும் பயிற்சிகளில், சுவரில் ஓர் எழுத்தைப் பார்த்தபடி தலையைத் திருப்புவதும் ஒன்று.

சர்வதேச மேடைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 1973 முதல் நடக்கும் 'பிரி த லொசான்', 15 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கான பாலே போட்டி. கியூபாவின் கார்லோஸ் அகோஸ்டா 1990இல் தங்கம் வென்றது அங்கேதான். அது நடக்கும் பொலியூ அரங்கின் மேடை பார்வையாளரை நோக்கிச் சரிந்தது, சரிவு 3.6 சதவீதம். ஒரு மீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் இறங்கினால் என்ன என்று தோன்றும். உட்காதில் குழாய்களுக்குப் பக்கத்திலேயே, புவியீர்ப்பின் திசையை அறியும் இரண்டு பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் சுண்ணாம்புத் துகள்கள் ஒரு கூழ்மேல் படிந்திருக்கும். தலை சாயும்போது துகள்கள் சரிந்து, எது மேல், எது கீழ் என்று சொல்லும். சமதளத்தில் பழகியவருக்குப் பாதம் ஒரு 'நேர்' சொல்லும், காது இன்னொரு 'நேர்' சொல்லும். நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் மூளை தடுமாறினாலும் சுழற்சியின் அச்சு சாய்ந்துவிடும். போட்டியாளர்களை அந்த மேடையில் முன்கூட்டியே பழகவிடுவது சலுகை அல்ல, நியாயம்.

வயதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகள் திடீரென்று வளர்கிறார்கள். நேற்றுவரை சரளமாக வந்த சுற்று இன்று வராமல் போகிறது. கவனம் போய்விட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று பெற்றோர் கடிந்துகொள்வதைப் போட்டி அரங்குகளின் ஓரத்தில் கேட்டிருக்கிறேன். பிள்ளைமேல் தப்பில்லை. ஓர் உடலைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது, எடை எவ்வளவு, அது அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. தூரம் அதில் இருமடிக் கணக்கில் சேரும். உடல் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் 10 சதவீதம் வளர்ந்தால், அதைச் சுழற்றும் கடினம் ஏறத்தாழ 60 சதவீதம் கூடிவிடும். கை எங்கே முடிகிறது, எடை எங்கே நிற்கிறது என்று மூளை வைத்திருந்த கணக்கு முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். விவரம் தெரிந்த ஆசிரியர்கள் அந்த மாதங்களில் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. ஒற்றைச் சுற்றுக்குத் திரும்பிப் போய், நிற்பதை மறுபடி கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த வருடம் போட்டிக்குப் போகாவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது.