புறப்படாத படகு

தரையில் ஓடும் கார் நடுவழியில் நின்றுவிட்டால் நாலு பேர் இறங்கித் தள்ளலாம். நீரில் நிற்கும் படகை யார் தள்ளுவது? கரையில் கட்டியிருக்கும்போது இயந்திரம் கிளம்பாவிட்டால் ஒரு மாலைப்பொழுதுதான் வீணாகும். மும்பைத் துறைமுகத்திலோ ஹூக்ளி நதியிலோ நடுநீரில் அது மறுத்துவிட்டால், நீரோட்டம் படகைத் தன் போக்கில் இழுத்துச் செல்லும். ஆகவே, உல்லாசத்திற்காக மோட்டார் படகில் செல்வோர் அதன் மின்சார அமைப்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம்.

சாவியைத் திருப்பியதும் என்ன நடக்கிறது? பாட்டரியிலிருந்து சிறிய மின்னோட்டம் ஒன்று சாவி வழியாகவும், கியர் நடுநிலையில் இருந்தால் மட்டுமே இணையும் ஒரு சுவிட்சின் வழியாகவும் சென்று, சொலினாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்சை இயக்குகிறது. அது மூடியவுடன், தடித்த கம்பிகளின் வழியே பெரிய மின்னோட்டம் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பாய்ந்து இயந்திரத்தைச் சுழற்றுகிறது. 1912-இல் அமெரிக்கக் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் புகுத்திய முறையின் வழிவந்ததே இது.

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல், நாம் முதலில் காதால் கேட்க வேண்டும். சாவியைத் திருப்பியும் ஓசையே இல்லையென்றால் பாட்டரியின் பெரிய சுவிட்சு, ஃபியூஸ், கியரின் நிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘டக்’ என ஒரே ஓசை எழுந்து அடங்கினால், சொலினாய்டு அசைந்தும் பெரிய மின்னோட்டம் மோட்டாரை அடையவில்லை, அல்லது மோட்டாரே சிக்கிக் கிடக்கிறது. ‘டக் டக் டக்’ என விரைவாக ஒலித்தால், சுமை ஏறியவுடன் மின்னழுத்தம் சரிகிறது என்று பொருள். இயந்திரம் நன்கு சுழன்றும் பற்றவில்லையெனில் ஸ்டார்ட்டர் மீது குற்றமில்லை. எரிபொருளையும், தீப்பொறியையும், ஓட்டுபவர் உடலோடு பிணைத்துக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு உரிய இடத்தில் மாட்டப்பட்டுள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

பலர் உடனே பாட்டரியைப் பழித்துப் புதிது வாங்கிவிடுகிறார்கள். ஏரி நிறைந்திருந்தாலும் வாய்க்கால் அடைபட்டால் வயல் காயத்தானே செய்யும்? 1827-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதியைப் பௌதிக வகுப்பில் படித்திருக்கிறோம். அதை இங்கே பொருத்திப் பார்ப்போம். துருப்பிடித்த ஓர் இணைப்பின் தடை 0.02 ஓம்தான் என்று கொள்வோம். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது அங்கே 3 வோல்ட் இழப்பாகிறது. 12 வோல்ட்டில் கால் பங்கு வழியிலேயே போய்விடுகிறது! ஆனால் 1 ஆம்பியர் மட்டுமே இழுக்கும் விளக்கிற்கோ இழப்பு 0.02 வோல்ட்தான். ஆகவே, “விளக்கு பிரகாசமாக எரிகிறது, கம்பிகளில் கோளாறு இருக்க முடியாது” என்பது பிழையான முடிவு.

உண்மையை அறிய ஒரு வோல்ட்மீட்டர் போதும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ட் ஈய-அமிலப் பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பாட்டரி மீது ஐயம் கொள்ளலாம். இறங்காவிட்டால் வாய்க்காலைச் சோதிப்போம். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனை ஈயத்திலும், மறு முனையை ஸ்டார்ட்டரின் முனையிலும் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் இழப்பு உள்ளது. எதிர்முனைக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் இடையிலும் இவ்வாறே பார்க்க வேண்டும். பிறகு ஈய முனை, கவ்வி, சுவிட்சு, சொலினாய்டு என ஒவ்வோர் இணைப்பாக அளந்து சென்றால், அளவு திடீரென உயரும் இடமே கோளாறுள்ள இடம்.

படகில் இக்கோளாறு மிகுதியாக வருவதற்குக் காரணம் உப்பும் ஈரமும் அதிர்ச்சியுமே. வெளியே பளபளக்கும் கம்பியின் உறைக்குள் செம்பிழைகள் பச்சைப் பூத்திருக்கலாம். எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்றி, இணைப்புகளைப் பளிச்சென்று தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாஸலைன் தடவ வேண்டும். எதிர்முனையை இறுதியில் மாட்ட வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தங்கும். பாட்டரியிலிருந்து எழும் ஹைட்ரஜனும் பொறி பட்டால் வெடிக்கும். மூடிய அறைக்குள் பெட்ரோல் இயந்திரம் இருந்தால், கிளப்புமுன் 4 நிமிடமாவது விசிறியை ஓடவிட்டு, மூக்காலும் முகர்ந்து பார்க்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் சொலினாய்டின் முனைகளைத் தொட்டு இணைக்கும் துணிச்சல் வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட்டரையும் ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் சுழற்றாமல், இடையிடையே ஆறவிட வேண்டும்.

இச்சோதனைகளுக்கு அதிக நேரம் பிடிக்காது. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன், கரையிலேயே அவற்றைச் செய்துவிடுவோமாக!