ஒலிபெருக்கிக் கூம்பின் அசைவு எல்லை

ஒலிபெருக்கிக் கூம்பின் அசைவு எல்லை என்பது, ஒலிபெருக்கியின் கூம்பு தன் ஓய்வு நிலையிலிருந்து முன்னும் பின்னும் பழுதின்றி நகரக்கூடிய தூரம் ஆகும். இது மில்லிமீட்டரில் அளக்கப்படும். பெட்டியில் எழுதியுள்ள வாட் அளவு பெரும்பாலும் சுருள் தாங்கும் வெப்பத்தைக் குறிக்கும். ஆகவே வாட் அளவுக்குள் இயக்கினாலும் கூம்பு தன் எல்லையைத் தாண்டிப் பழுதாகலாம்.

அமைப்பு

கூம்பின் அடியில் ஒட்டப்பட்ட கம்பிச் சுருள், காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் நிற்கிறது. மின்னோட்டம் பாயும்போது சுருள் நகர்ந்து கூம்பைத் தள்ளுகிறது. இவ்வகை ஒலிபெருக்கியைப் பற்றி அமெரிக்கப் பொறியாளர்கள் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925இல் ஆய்வுரை வெளியிட்டனர்.

சுருளின் உயரம் 12 மி.மீ., காந்த இடைவெளியின் உயரம் 6 மி.மீ. எனக் கொள்வோம். வேறுபாட்டில் பாதியான 3 மி.மீ. வரை இருபுறமும் கூம்பு சீராக நகரும். அதைத் தாண்டினால் இடைவெளிக்குள் இருக்கும் சுற்றுகள் குறையும். தள்ளும் விசை குறைந்து ஒலி கரகரக்கும். மேலும் தள்ளினால் சுருள் பின்தகட்டில் மோதி 'டக் டக்' என்று அடிக்கும், கூம்பும் கிழியலாம்.

தாழ்ந்த ஒலிகளின் பங்கு

ஒலியின் அளவு மாறாமல் அதிர்வெண் பாதியானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 ஹெர்ட்சில் 1 மி.மீ. அசையும் கூம்பு, 40 ஹெர்ட்சில் 4 மி.மீ. அசையும். மேற்கண்ட ஒலிபெருக்கிக்கு இது எல்லை மீறலே.

வட சென்னைத் திருவிழாக்களில்

ராயபுரம், திருவொற்றியூர் தெருக்களில் ஆடி மாதக் கூழ் வார்க்கும் விழாக்களுக்கு மைக் செட் கட்டுவது வழக்கம். திறந்த வெளியில் தாழ்ந்த ஒலி, அறைக்குள் போலச் சுவர்களால் வலுப்பெறாது. அதை ஈடுகட்ட 'பேஸ்' குமிழைத் திருகும்போது கூம்பின் அசைவு பெருகுகிறது. கடற்காற்று மைக்கில் மோதினாலும், மைக்கை ஊதியோ தட்டியோ பார்த்தாலும், காதுக்கு அதிகம் கேட்காத மிகத் தாழ்ந்த அதிர்வுகள் கூம்பை வெகுதூரம் தள்ளும்.

பாதுகாப்பு முறைகள்

* மைக்குக்குப் பஞ்சு உறை இட்டு, மிக்சரில் 'லோ கட்' பொத்தானை அழுத்தி வைக்கலாம்.
* துளையுள்ள பெட்டியில், அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைக் காற்று தாங்காது. அந்த அதிர்வெண்களை வடிகட்டியால் நீக்க வேண்டும்.
* ஒரே மாதிரியான இரு பேஸ் பெட்டிகளை அருகருகே வைத்தால், அதே அளவு ஒலிக்கு ஒவ்வொரு கூம்பும் பாதி அசைந்தால் போதும்.
* கரகரப்பு கேட்டவுடன் பேஸ் அளவைக் குறைக்க வேண்டும்.

விழா முடிந்தபின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கூம்பை இரு கை விரல்களாலும் சமமாக மெல்ல அழுத்திப் பார்க்கலாம். உரசும் ஒலி வந்தால் சுருள் இடம் பெயர்ந்திருக்கலாம், அல்லது இடைவெளியில் துருவோ தூசியோ சேர்ந்திருக்கலாம். பழுது நீக்கிய பிறகே அதை மீண்டும் இயக்க வேண்டும்.