கர்ட் கோபேன்: பாட்டு வேறு, சாவு வேறு

நம் வீட்டுப் பிள்ளைகள் அணியும் கறுப்பு டி-ஷர்ட்டுகளில், கண்ணுக்குப் பதில் பெருக்கல் குறியும் வெளியே நீட்டிய நாக்குமாய் ஒரு மஞ்சள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். 'நிர்வாணா' என்ற அமெரிக்க ராக் குழுவின் சின்னம் அது. பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். பௌத்தர்கள் வீடுபேற்றுக்குச் சொல்லும் சொல்தான். அதன் பாடகர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரல் 5 அன்று, 27 வயதில், சியாட்டில் நகரில் தற்கொலை செய்துகொண்டார். முப்பது ஆண்டு கடந்தும் அந்தச் சட்டை விற்கிறது. அவர் விட்டுச் சென்றது என்ன என்று பெற்றோராகிய நாமும் எடைபோட்டுப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் இசை. 1989இல் வந்த 'ப்ளீச்' ஆல்பத்தின் ஒலிப்பதிவுக்கு ஆன செலவு சுமார் 600 டாலர்தான். 1991இல் வந்த 'நெவர்மைண்ட்', 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தையே முதலிடத்திலிருந்து இறக்கியது. முணுமுணுப்பாய்த் தொடங்கி, பல்லவியில் திடீரென வெடிக்கும் பாட்டு இவர்களுடையது. வெறும் கூச்சல் என்பவர்கள், 1993 நவம்பரில் நியூயார்க்கில் பதிவான 'அன்ப்ளக்டு' கச்சேரியைக் கேட்கட்டும். அடங்கிய இசைக்கு நடுவே அந்தக் கரகரத்த குரல் நம்மையும் நிறுத்திவிடும்.

அடுத்து மனிதர். பெண்களையும், பிற இனத்தாரையும், ஓரினச் சேர்க்கையாளரையும் வெறுப்பவர்கள் தம் இசையைக் கேட்க வேண்டாம் என்று 1992இல் ஆல்பக் குறிப்பிலேயே எழுதினார். போஸ்னியப் போரில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக, 1993இல் இவருடைய குழு சான்பிரான்சிஸ்கோவை ஒட்டிய பகுதியில் நிதிக் கச்சேரி செய்தது.

இனி அந்தச் சாவு. மேதைகள் 27 வயதில்தான் மறைவார்கள் என்று சிலர் அதற்கு ஒளிவட்டம் கட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீராத வயிற்றுவலியும், மனச்சோர்வும், ஹெராயின் பழக்கமும் அவரை வாட்டின. இவை நோய்கள், மேதைமையின் அடையாளங்கள் அல்ல. அஞ்சலிக் கூட்டத்தில் ஒலித்த பதிவில் அவர் மனைவி கோர்ட்னி லவ் அழுதார். கணவர் செய்ததைக் கோபமாகக் கண்டிக்கவும் செய்தார். இளைஞர்கள் அவரைப் பின்பற்றுவார்களோ என்று அப்போது பலரும் அஞ்சினர். சியாட்டில் பகுதியில் தற்கொலைகள் கூடவில்லை என்றும், உதவி கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளே கூடின என்றும் பின்னர் ஆய்வாளர்கள் கண்டனர். பாட்டைப் போற்றி, சாவைப் போற்றாமல் பேசியது பயன் தந்திருக்கலாம்.

வேற்றூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மனம்விட்டுப் பேசப் பக்கத்தில் தாத்தா பாட்டி இல்லை, மாமா அத்தை இல்லை. ஆகவே சட்டையைப் பறிக்காதீர்கள். உடன் உட்கார்ந்து பாட்டைக் கேளுங்கள். "உனக்கு மனசு எப்படி இருக்கு?" என்று நேராகவே கேளுங்கள். துயரம் மிஞ்சினால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.