அம்பாசிடருக்கு டிஸ்க் பிரேக்: காயலான் கடையிலிருந்து ஏற்காடு வரை

மூன்றாம் ஆண்டு, டிப்ளமோ ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்



ஆண்டு மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. பிரேக் வேலை கொஞ்சம் வரும். அதையே எழுதித் தருகிறேன் என்றேன். சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பாமல் படியுங்கள். நாளைக்கு நீங்களும் ஒரு பழைய வண்டியில் மலை ஏற வேண்டி வரலாம்.

போன விடுமுறையில் சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றுக்கொள்ளப் போயிருந்தேன். அங்கே 1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2 ஒன்று வந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருடைய வண்டி. அவர் சொன்ன குறை இதுதான்: "ஏற்காட்டுல இருந்து இறங்கும்போது பாதி வழி வரைக்கும் நல்லா பிடிக்குது. அதுக்கப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் வண்டி கேக்க மாட்டேங்குது." மேஸ்திரி லைனரைக் கழற்றிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. சூட்டில் வெந்துபோன லைனர்.

ஏன் அவ்வளவு சூடு? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வண்டி எடை 1100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 153 கிலோஜூல். ஒரு தடவை நிறுத்தினால் அவ்வளவும் பிரேக்கில் சூடாகிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். சேலத்துக்கு இறங்கினால் சுமார் 1200 மீட்டர் இறக்கம். அதே 1100 கிலோவை 1200 மீட்டர் இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 12,900 கிலோஜூல். அதாவது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 84 தடவை வண்டியை நிறுத்துவதற்குச் சமம்! கியரைக் குறைத்துப் போட்டால் இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு முழுப் பங்கும் பிரேக்குக்குத்தான்.

டிரம் பிரேக் இந்தச் சூட்டில் இரண்டு விதமாகத் தோற்கிறது. லைனரின் உராய்வு குறைகிறது. டிரம்மும் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகிறது. 9 அங்குல வார்ப்பிரும்பு டிரம் 200 டிகிரி சூடேறினால் விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர் கூடும். டிஸ்க்கில் கதை வேறு. சூடானால் டிஸ்க்கின் தடிமன் கூடி பேடு பக்கம்தான் வரும். காற்றும் நேராகப் படும். மழைத் தண்ணீரை இரண்டு சுற்றில் உதறிவிடும்.

"முன்னாடி டிஸ்க் போட்டுடலாம் சார்" என்று வாத்தியாரிடம் சொன்னது நான்தான். டிப்ளமோ படிக்கிற பையன் சொல்கிறான் என்று அவரும் தலையாட்டிவிட்டார்.

அம்பாசிடருக்குப் பார்ட்ஸ் தேடுவதில் ஒரு வசதி உண்டு. மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை வைத்து வந்த வண்டி. 2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும் வரை உடம்பு பெரிதாக மாறவில்லை. உள்ளே மட்டும் மாறிக்கொண்டே வந்தது. 1990-களில் 1800 சிசி இசுசூ இன்ஜின் போட்டு வந்ததே, அந்த வகை வண்டி ஒன்று முன் டிஸ்க்கும் பூஸ்டருமாகக் காயலான் கடையில் கிடந்தது. பாடி முழுக்கத் துரு; ஆனால் முன்பக்கம் அடிபடாதது.

மேஸ்திரி, "பிரேக் சமாச்சாரம் மொத்தத்தையும் வாங்கிடலாம் தம்பி" என்றார். நான் காசு மிச்சம் பிடிக்கும் யோசனை சொன்னேன்: "அண்ணே, ஸ்டப் ஆக்ஸில், ஹப், டிஸ்க், கேலிப்பர் மட்டும் போதும். மாஸ்டர் சிலிண்டர் நம்மகிட்டதான் நல்லா இருக்கே." பாஸ்கல் விதி படித்த தைரியம். அந்தத் தைரியம் கோரிமேடு வரைதான் போனது.

மாட்டி, ஏர் எடுத்து, மேஸ்திரியும் நானும் ஏற்காடு ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனோம். முதல் அதிர்ச்சி தெருமுனையிலேயே. பெடல் கல்லு மாதிரி. முன்பு லேசாக மிதித்தால் நின்ற வண்டிக்கு இப்போது சீட்டில் முதுகைக் கொடுத்து மிதிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் போட்டால் பிரேக் லேசாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நிஜம் நேர் எதிர்! டிரம்மில் லீடிங் ஷூவைச் சுழலும் டிரம்மே இழுத்து இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொள்ளும். நாம் கொடுக்கும் பலத்தை அது பெருக்கிக் கொடுக்கும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடிக்கும். அதனால்தான் டிஸ்க் வந்த கார்களில் கூடவே பூஸ்டரும் வந்தது.

இரண்டாவது அதிர்ச்சி கோரிமேடு தாண்டி. கருகிய வாசனை. வண்டி தானாக இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஓடியது. முன்னால் ஒரு பஸ் நின்றது. மேஸ்திரி மிதித்தார், பெடல் பாதி போய், அப்படியே தரை வரை இறங்கிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினார். பஸ்ஸுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு சைக்கிள் நிற்கும் இடம்தான் இருந்தது. முன் ஹப் மேல் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்றது. மேஸ்திரி திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அடிவாரம், அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவு. அங்கே இது நடந்திருந்தால் இந்தக் கட்டுரை இந்த மலரில் வந்திருக்காது.

என்ன ஆனது என்பதைக் கழற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். டிரம் பிரேக்குக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரின் முனையில் ஒரு சின்ன வால்வு இருக்கும். மிதியை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைப்பது அதன் வேலை. வீல் சிலிண்டர் கப் தளர்ந்து காற்று உள்ளே போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ என்று வையுங்கள். 1 அங்குல வீல் சிலிண்டரின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர். ஷூ மேல் 3 கிலோ. ரிட்டர்ன் ஸ்பிரிங் அதைச் சுலபமாக இழுத்து வைத்துக்கொள்ளும். 54 மில்லிமீட்டர் கேலிப்பர் பிஸ்டனின் பரப்பு 22.9. ஒவ்வொரு பேடு மேலும் சுமார் 14 கிலோ! டிஸ்க் பிரேக்கில் ரிட்டர்ன் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டன் சீல் தன் வளைவு நிமிரும்போது லேசாக இழுப்பதுதான். ஆக நாங்கள் ஓட்டிய தூரம் முழுக்க பிரேக் பிடித்தபடியே ஓட்டியிருக்கிறோம்.

அதோடு இன்னொரு தப்பு. கேலிப்பருக்குள் கிடந்த பழைய ஆயிலை முழுசாக வெளியேற்றவில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி. ஆவியை அழுத்தலாம், அதனால் எதையும் தள்ள முடியாது. பெடல் தரைக்குப் போனது அதனால்தான்.

மறுநாள் வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விடைத்தாளைத் திருத்தி வாங்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

காயலான் கடைக்கு மறுபடி போனோம். டோனர் வண்டியின் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பெடல் மூன்றையும் ஒரே செட்டாக எடுத்து வந்தோம். மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாற்றி பூஸ்டர் இல்லாமல் சமாளிக்கலாமே என்று கேட்கலாம். சின்ன போர் போட்டால் அழுத்தம் கூடும், வாஸ்தவம். பெடல் லீவர் விகிதம் 5, கால் கொடுக்கும் பலம் 30 கிலோ என்றால், 22.2 மில்லிமீட்டர் போரில் லைன் அழுத்தம் சுமார் 39 கிலோ வரும். 19 மில்லிமீட்டராகக் குறைத்தால் சுமார் 53. ஆனால் நான்கு கேலிப்பர் பிஸ்டனும் கால் மில்லிமீட்டர் நகர, முதலாவதில் பெடல் 30 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். இரண்டாவதில் 40 இறங்க வேண்டும். பலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் தூரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பூஸ்டர் அப்படி இல்லை. 8 அங்குல டயாப்ரத்தில் 0.6 கிலோ அழுத்த வித்தியாசம் கிடைத்தால் 190 கிலோவுக்கு மேல் தள்ளும். பெடல் தூரம் கூடாது.

நம் ஊரில் பல பழைய அம்பாசிடர்களில் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் போட்டிருப்பார்கள். டீசல் இன்ஜினில் பூஸ்டருக்குப் போதுமான வேக்குவம் மேனிஃபோல்டில் கிடைக்காது. தனி வேக்குவம் பம்ப் வேண்டும். அது இல்லாமல் பூஸ்டரை மாட்டினால் வெறும் தகர டப்பாதான்.

இந்தத் தடவை மழை பெய்த மறுநாள் ஒரு காலி மைதானத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்தோம். வண்டி நின்றது, ஆனால் பின்பக்கம் வழுக்கிப் பாதி திரும்பி நின்றது. காரணம் யோசித்தால் புரியும். பூஸ்டர் வந்ததும் லைன் அழுத்தம் கூடிவிட்டது. அதே அழுத்தம் பின்னாலும் போகிறது. பின்னால் இருப்பதோ தானாக இறுகும் பழைய டிரம். பிரேக் பிடிக்கும்போது எடையும் முன்னால் சாய்வதால் பின் டயருக்குப் பிடிமானம் குறைவு. பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுற்றும். டோனரின் பின் வீல் சிலிண்டரை அளந்தோம், போர் சிறியது. நல்ல வேளை அதையும் சேர்த்து வாங்கியிருந்தோம். 1 அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்கு இறங்கினால் தள்ளும் பலம் 56 சதவீதம்தான். மாட்டிய பிறகு நேராக நின்றது.

லேபில் திரெட் கேஜைக் கையில் கொடுத்தால் சிரிக்கிறோமே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய லைன் நட் 3/8 அங்குலம், 24 திரெட். மெட்ரிக் நட் 10 மில்லிமீட்டர், 1 பிட்ச். இரண்டும் கண்ணுக்கு ஒன்று மாதிரியே இருக்கும். ஒன்றில் மற்றதை மாட்ட முயன்றால் லூசாக நிற்கும், அல்லது இரண்டு சுற்று ஏறி இறுகி நிற்கும். டைட் ஆகிவிட்டது என்று விட்டுவிடுவோம். முழுசாக மிதிக்கும் நாளில் பிடுங்கிக்கொண்டு வரும். லைனையும் நட்டையும் ஒரே வகையாகப் புதிதாகப் போடுங்கள். ஹோஸ், சீல், பேடு எதையும் காயலான் கடையில் வாங்க வேண்டாம். டிஸ்க்கை வாங்கலாம்: குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும், மைக்ரோமீட்டரால் அளந்துகொள்ளுங்கள். கேலிப்பர் பிஸ்டனில் துருக்குழி இருந்தால் தூர எறியுங்கள்.

சட்டப்படியும் ஒரு விஷயம் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது அந்த விதி. வாத்தியாருக்கு அதில் ஆசை இருக்கிறது. அதனால் கழற்றிய டிரம், ஷூ, பேக் பிளேட், பழைய மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவி, சாக்கில் கட்டி, அவர் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறோம். எந்த போல்ட் எங்கே என்று சீட்டு எழுதிக் கட்டியது நான்.

போன மாதம் வாத்தியார் ஏற்காடு போய் வந்தார். இறங்கும்போது நான் முன் சீட்டில் இருந்தேன். செகண்ட் கியரில் 20 வளைவையும் இறங்கி அடிவாரத்தில் நிறுத்தி, ஹப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடு இருந்தது. கருகல் வாசனை இல்லை. பெடல் மேலேயே நின்றது.