வால்வெள்ளியின் உறுப்புக்கள்

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரில் உள்ளது ரிவர்ஸ்டன். நகர விளக்கொளி மிகாத இத்தகைய மலைப்புறங்களே, முகில் விலகிய இரவில், வால்வெள்ளியைக் காண்டற்கு ஏற்றன. நகரில் நின்று காண்போர்க்கு அதன் மங்கிய வால் பெரும்பாலும் புலப்படுவதில்லை. வானத்தில் நெடிது தோன்றும் அவ்வுருவிற் பொருளெனத் தக்கது எத்துணை?

வால்வெள்ளியின் உறுப்புக்கள் கரு, தலை, வால் என மூன்றாம். இவற்றுட் கருவொன்றே திண்மையுடையது. அது பனிக்கட்டியும் உறைந்த வாயுக்களும் தூசியும் கலந்த கட்டியென 1950இல் அமெரிக்க வானநூலறிஞர் பிரெட் விப்பிள் கூறினார். 1986 மார்ச்சில் ஜியோட்டோ என்னும் விண்கலம் ஹலியின் வால்வெள்ளியை ஏறத்தாழ 600 கிலோமீற்றர் அணுகிப் படம்பிடித்து, அக்கூற்றை வலியுறுத்தியது. அக்கருவின் நீளம் ஏறக்குறைய 15 கிலோமீற்றரே. மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையினும் குறைவு. நிறமோ கரிபோன்றது, தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் நான்கு பங்கையே திருப்புவது.

கரு ஞாயிற்றை நெருங்குங்கால், பனி நீராகாது நேரே ஆவியாகித் தூசியையும் உடன்கொண்டு வெளிப்படும். கருவின் ஈர்ப்பு மிகச் சிறிதாதலின் அவற்றைப் பற்றி வைத்தல் இயலாது. அவை இலட்சம் கிலோமீற்றர் அளவிற் பரந்து தலையாகின்றன. தலையைச் சூழ்ந்து, கண்ணுக்குப் புலனாகாத ஐதரசன் முகிலொன்றும் உண்டென்பது 1970இல் விண்கலக் கருவியால் அறியப்பட்டது.

வால் இருவகைப்படும். ஞாயிற்றொளியின் அழுத்தத்தால் தள்ளுண்ட தூசி, வளைந்த மஞ்சள்நிற வாலாகும். ஞாயிற்றிலிருந்து வீசும் மின்துகட் காற்றால் அடித்துச் செல்லப்படும் மின்னேற்ற வாயு, நேரிய நீலநிற வாலாகும். இரண்டும் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமே நீளும். ஆதலின், ஞாயிற்றை விட்டு அகலும் வால்வெள்ளிக்கு வால் முன்செல்லும்.

இவ்வொளியெல்லாம் கரு இழக்கும் பொருளேயாம். 1846இல் பீலாவின் வால்வெள்ளி இரண்டாகப் பிளந்தது காணப்பட்டது. 1852இற்குப் பின் அது தோன்றவில்லை. 1872 நவம்பர் 27 இரவில், அதன் பாதையைப் பூமி கடந்தபோது, எரிமீன் மாரியே பொழிந்தது. உடனே ஜேர்மனியிலிருந்து கிளிங்கர்பூஸ் என்பார் சென்னை வானாய்வகத்துக்குத் தந்தி விடுத்தார். அங்கிருந்த பொக்சன் டிசம்பர் 2ஆம், 3ஆம் நாட்களில் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். ஆயின் அது பீலாவினுடையதன்று என்பது பின்னர்க் கணித்தறியப்பட்டது. பீலாவின் வால்வெள்ளி மீண்டும் காணப்படவேயில்லை.

ஹலியின் வால்வெள்ளி 2061இல் திரும்பும். அது சிந்திய தூசியோ ஆண்டுதோறும் மேயிலும் அக்டோபரிலும் எரிமீன்களாய் விழுகின்றது. தெளிந்த இரவில் ரிவர்ஸ்டன் மலைமேல் நின்று அவற்றைக் காண்பவர், அவ்வால்வெள்ளியின் உறுப்பொன்றையே காண்பவராவர்.