செட்டகாயா: தோக்கியோவின் குடியிருப்பு வட்டமும் தெரு அகலச் சிக்கலும்

ஆய்வுச்சுருக்கம்

தோக்கியோவின் 23 சிறப்பு வட்டங்களுள் மக்கள்தொகையில் முதலிடம் பெறுவது செட்டகாயா. சுமார் 58 சதுர கிலோமீட்டர் பரப்பில் 9 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். இவ்வட்டத்தின் வளர்ச்சியையும், அதன் தெருவமைப்பு இன்றைய பாதுகாப்பைத் தீர்மானிக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செட்டகாயா, சிறப்பு வட்டம், நிலச் சீரமைப்பு, மச்சிசுகுரி.

முன்னுரை

சிறப்பு வட்டம் என்பது மாநகராட்சியின் தேர்தல் பிரிவு அன்று. தனக்கெனத் தலைவரும் மன்றமும் உடைய உள்ளாட்சி அமைப்பாகும். வட்டத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை இடையில் நீக்கப்பட்டு, 1975இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. மக்கள் பங்கேற்புடன் கூடிய திட்டமிடல் செட்டகாயாவில் வேரூன்றியதற்கு இம்மாற்றம் பின்புலமாக அமைந்தது.

சிற்றூர்களிலிருந்து நகர வட்டம் வரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி பெரிதும் வேளாண் நிலமாகவே இருந்தது. 1907இல் தமாகாவா மின்தொடர்வண்டியும், 1927இல் ஒடாக்யூ இருப்புப்பாதையும் இதனை நகர மையத்துடன் இணைத்தன. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் வீடிழந்தோர் பலர் மேற்குப் புறநகர் நோக்கிப் பெயர்ந்தனர். 1932இல் இரு பேரூர்களும் இரு சிற்றூர்களும் இணைந்து செட்டகாயா வட்டம் உருவாயிற்று. 1936இல் கினுட்டா, சிட்டோசே ஆகிய சிற்றூர்களும் இதனுடன் சேர்ந்தன.

இருவகைத் தெருக்கள்

வட்டத்தின் தென்பகுதியான தமாகாவாவில் வீடுகள் பெருகுமுன்னரே நிலச் சீரமைப்பு தொடங்கியது. உரிமையாளர்கள் தத்தம் நிலத்தில் ஒரு பங்கைத் தெருவுக்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததால் எதிர்ப்பும் எழுந்தது. 1920களில் தொடங்கிய அப்பணி 1954இல்தான் நிறைவுற்றது. அதன் பயனாக அங்கு ஒழுங்கான தெருக்கள் அமைந்தன. மாறாக, தைஷிதோ, கிட்டசாவா போன்ற பகுதிகளில் பழைய வயல்வழிகளை ஒட்டியே மரவீடுகள் நெருக்கமாக எழுந்தன. நிலநடுக்கத்தைத் தொடர்ந்து தீப்பற்றினால் தீயணைப்பு ஊர்தி நுழைய இயலாத தெருக்கள் உயிருக்கே இடராகும்.

1950ஆம் ஆண்டுக் கட்டடத் தரச் சட்டம் தெருவின் குறைந்த அகலத்தை 4 மீட்டர் என வரையறுத்தது. அதனினும் குறுகிய பழைய தெருவில் வீட்டைப் புதுப்பித்துக் கட்டுவோர், தெருவின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் பின்வாங்கிக் கட்டுதல் வேண்டும். எனவே ஒவ்வொரு வீடும் புதுப்பிக்கப்படும்போது மட்டுமே தெரு சிறிது சிறிதாக அகலும். பழைய வீடு நிற்கும்வரை இடுக்கும் நிற்கும்.

மக்கள் பங்கேற்பு

இத்தேக்கத்தை எதிர்கொள்ள 1982இல் வட்ட மன்றம் மச்சிசுகுரி விதியை இயற்றியது. ‘ஊரை உருவாக்குதல்’ எனப் பொருள்படும் இச்சொல், குடியிருப்போரே திட்டமிடலில் பங்கேற்பதைச் சுட்டும். முந்தைய ஆண்டு கோபே நகரம் இத்தகைய விதியை இயற்றியிருந்தது. தைஷிதோவில் குடியிருப்போர் குழு அமைந்து, வட்ட நிருவாகத்துடன் கலந்து பேசித் தெருக்களுக்கும் சிறு பூங்காக்களுக்கும் திட்டம் வகுத்தது. சிறு மனைகளில் அமைந்த அப்பூங்காக்கள் நெரிசலிடையே திறந்த வெளியாகவும் பயன்பட்டன.

முடிவுரை

வீடு கட்டுமுன் தெரு அமைந்த இடத்தில் சிக்கல் ஒருமுறை தீர்ந்தது. வீடு முந்தித் தெரு பிந்திய இடத்தில் அது தலைமுறைகளைக் கடந்தும் தொடர்கிறது. முன்னதில் இழப்பை அனைவரும் ஒரே காலத்தில் பகிர்ந்துகொண்டனர். பின்னதில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே ஏற்க வேண்டியுள்ளது. சட்டம் அகலத்தை வரையறுக்கலாம். அவ்விழப்பை ஏற்கும் இசைவை அண்டை வீட்டாரின் கலந்துரையாடலே உருவாக்கும் என்பதைச் செட்டகாயாவின் பட்டறிவு உணர்த்துகிறது.