தலை சுற்றாத ஆட்டம்

பாவூர்சத்திரத்தை ஒட்டிய கீழப்பாவூர் வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் நையாண்டி மேளமும் கரகாட்டமும் இல்லாமல் நிறையாது. மேடையும் திரையும் வேண்டாம். சனம் வட்டங்கட்டி உட்கார்ந்திருக்கும். ஆடுபவரின் சலங்கை கைக்கெட்டும் தூரத்தில் குலுங்கும். தவிலும் பம்பையும் பழைய அடவுக்கு முழங்கிக்கொண்டிருக்கும்போதே நாதஸ்வரம் புதுச் சினிமாப் பாட்டுக்குத் தாவும், காலும் கூடவே தாவும். எந்தப் பாட்டானாலும் தலைமேல் செம்பு நிற்கிறது. அதைக் கட்டி வைப்பதில்லை, கையால் பிடிப்பதுமில்லை.

அவர் கிறுகிறுவென்று சுற்றுவதைப் பார்க்கிற நமக்கே தலை சுற்றுகிறது. அவருக்கு ஏன் சுற்றவில்லை?

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். உடம்பு சுழலத் தொடங்கும்போது குழாய் கூடவே திரும்பும், திரவம் பின்தங்கும். அந்த இழுப்பில் நுண்ணிய மயிர்ச்செல்கள் வளைந்து மூளைக்குச் சேதி அனுப்பும். சட்டென்று நின்றால் திரவம் மட்டும் நிற்காமல் ஓடும். நின்ற பிறகும் ஊர் சுற்றுவது இதனால்தான்.

பாலே ஆடுபவர்களும் இதனோடு மல்லுக்கட்டியவர்கள். 1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ‘ஸ்வான் லேக்’ நாட்டியத்தில் பியரினா லெக்னானி ஒற்றைக்கால் ஊன்றி 32 சுற்றுச் சுற்றினார். அவர்களுடைய உத்தி இது: எதிரே ஒரு புள்ளியைக் கண்ணால் பிடித்துக்கொள்வார்கள். உடம்பு திரும்பினாலும் முகம் அங்கேயே இருக்கும். கழுத்து இனி தாங்காது என்கிற கட்டத்தில் தலை வெடுக்கென்று திரும்பி மறுபடி அதே புள்ளிக்கு வந்துவிடும். அதோடு மூளையும் பழகுகிறது. 2013-இல் வெளியான லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வில், 29 பாலே பெண்களையும் 20 துடுப்புப்படகு வீராங்கனைகளையும் இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்துச் சுழற்றி நிறுத்தினார்கள். கிறுகிறுப்பு பாலே பெண்களுக்குத்தான் சீக்கிரம் அடங்கியது. காதின் சேதியை வாங்கும் சிறுமூளைப் பகுதியும் அவர்களுக்குச் சிறியதாக இருந்தது.

கரகத்தில் அந்த வெடுக்கென்ற திருப்பம் ஆகாது. தலை திரும்பினாலும் செம்பு தன் நிலைமத்தால் இருந்தபடியே இருக்கப் பார்க்கும், நழுவிவிடும். கழுத்தும் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பியாக வேண்டும், முழங்கால் மடிந்து ஒவ்வொரு மிதியின் அதிர்வையும் வாங்கிக்கொள்ள வேண்டும். செம்பின் உச்சியில் இருக்கும் பூச்சோடனையும் கிளியும் இதற்குக் கைகொடுக்கின்றன. உயரம் கூடக்கூடப் பொருள் சாய்வது மெதுவாகும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். உள்ளங்கையில் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள், பிறகு ஒரு நீளக் கம்பை. கம்புதான் நிற்கும். பாலேயின் சுழற்சியைவிட இது கடினமான வித்தை என்றே நான் நினைக்கிறேன்.

பாலேவுக்கும் இந்தச் சீமைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்ற ருக்மிணி தேவி, கலாக்ஷேத்ராவின் முதல் நாட்டிய நாடகமாக 1944-இல் மேடையேற்றியது மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைத்தான். சபா மேடைக்குக் கிடைத்த அந்தக் கவனம் கொடைக் களத்துக்கும் கிடைக்க வேண்டும். திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சுற்றிலும் கரகக் கலைஞர்கள் இருக்கிறார்கள். நம் நரம்பியல் ஆய்வாளர்கள் அவர்களுடைய சம்மதம் பெற்று, தக்க சன்மானமும் கொடுத்து, அந்தச் சுழல் நாற்காலிச் சோதனையை இங்கே செய்து பார்க்க வேண்டும்.